புது கால்பந்து கார்டு: தரமும் விலையும் – வாசகர் கேள்வி பதில்

டாப்ஸ், பனினி நிறுவனங்கள் வெளியிடும் புது சீசன் கால்பந்து சேகரிப்புக் கார்டுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: டாப்ஸ் குரோம் சாம்பியன்ஸ் லீக் வரிசையில் லமின் யமாலின் தங்க நிற ரிஃப்ராக்டர் (ஒளி பட்டால் வானவில்லாக மின்னும் கார்டு) வேண்டும். ஒரு பாக்ஸ் (பல பேக் அடங்கிய பெட்டி) வாங்கிப் பிரித்துப் பார்க்கலாமா?

பதில்: ஒரே வீரரின் ஒரே கார்டுதான் குறி என்றால் பாக்ஸ் வேண்டாம். கார்டையே தனியாக வாங்குங்கள். பேக்கின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் விகிதத்தைப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். தங்க ரிஃப்ராக்டருக்கு 1:60 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அறுபது பேக் பிரித்தால் யாராவது ஒரு வீரரின் தங்கக் கார்டு சராசரியாக ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். வரிசையில் 200 வீரர்கள் இருந்தால், நீங்கள் கேட்கும் வீரருடையது 60 × 200, அதாவது 12,000 பேக்குக்கு ஒன்று.

தங்க நிறத்தில் ஒரு வீரருக்கு 50 கார்டு, ஆரஞ்சில் 25, சூப்பர்ஃப்ராக்டரில் ஒன்றே ஒன்று. இது 17/50 என்பது போலக் கார்டிலேயே அச்சாகியிருக்கும். விலையைத் தீர்மானிப்பது பின்னால் இருக்கும் 50. முன்னால் இருக்கும் எண் வீரரின் சட்டை எண்ணோடு பொருந்தினால் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க ஆள் இருக்கிறது.

வெளியான முதல் வாரத்தில் வாங்க அவசரப்படாதீர்கள். அப்போது பிரிக்கப்பட்ட பேக்குகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். ஒரு மாதம் போனால் எண்ணிடாத கார்டுகளின் விலை பெரும்பாலும் இறங்கிவிடும். எண்ணிட்டவற்றில் இறக்கம் குறைவாக இருக்கும். ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காமல் 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டு, அதே நிறம், அதே நிலையில் உள்ள கடைசி ஐந்து விற்பனையை எடுத்துப் பாருங்கள். கோடு அடித்த விலை தெரிந்தால் அது பேரம் பேசி முடிந்த விற்பனை. உண்மையில் கைமாறிய தொகை அதைவிடக் குறைவு.

கேள்வி: பேக்கிலிருந்து நேராக ஸ்லீவில் (மெல்லிய பிளாஸ்டிக் உறை) போட்ட கார்டுக்கு, கார்டின் தரத்துக்குப் பத்துக்கு மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ நிறுவனத்திடம் 8 மதிப்பெண்தான் வந்தது. கை படாத கார்டில் குறை எப்படி வரும்?

பதில்: புது கார்டின் குறைகளில் பல ஆலையிலேயே வருபவை. நான்கு விஷயங்களைப் பாருங்கள்: மையம், மூலை, விளிம்பு, மேற்பரப்பு.

மையத்தை அளக்க மில்லிமீட்டர் அளவுகோல் போதும். இடது ஓரம் 2.0, வலது ஓரம் 2.5 மி.மீ. என்றால் மொத்தம் 4.5. பெரியதை மொத்தத்தால் வகுத்தால் 56, ஆக 56/44. பிஎஸ்ஏ 10 வாங்க முன்பக்கம் 55/45-க்குள் இருக்க வேண்டும் (2025-க்கு முன் 60/40 வரை விட்டார்கள்). இந்தக் கார்டு மையத்திலேயே தோற்றுவிட்டது. 2.1-க்கு 2.4 என்றால் 53/47, தேறிவிடும். மேலும் கீழும் இதேபோல் அளக்க வேண்டும். ஓரமே இல்லாத வடிவமைப்பில் பெயர்ப் பட்டைக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். பின்பக்கத்துக்கு 75/25 வரை சலுகை உண்டு.

மேற்பரப்புக்கு அறை விளக்கு உதவாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கார்டுக்குப் பக்கவாட்டில், தரையோடு தரையாக வருமாறு பிடித்து, கார்டை மெல்லச் சாயுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் பிடித்தாற்போல் ஓடும் கோடு அச்சு உருளை விட்டது. குரோம் கார்டுகளில் இது சாதாரணம், துடைத்தாலும் போகாது. குட்டையாக, வளைந்து, திசை மாறி இருந்தால் அது உரசல். ஊசி குத்தியது போன்ற சிறு பள்ளமும் இந்த வெளிச்சத்தில்தான் தெரியும்.

விளிம்பையும் மூலையையும் பத்து மடங்கு உருப்பெருக்கியில், முக்கியமாகப் பின்பக்கத்தில் பாருங்கள். வெட்டும் கத்தி மழுங்கியிருந்தால் அடர்நிற விளிம்பில் வெள்ளைத் துகள் துகளாகப் பெயர்ந்திருக்கும். கறுப்பு, கருநீலப் பின்னணிகளில் இது பளிச்சென்று தெரியும்.

விரல் ரேகையை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கலாம். தண்ணீர், மெழுகு, பாலிஷ் எதுவும் கூடாது. பளபளப்பு ஏற்றியது தெரிந்தால் மதிப்பெண்ணே போடாமல் திருப்பிவிடுவார்கள்.

ஸ்லீவில் போடும்போதும் மூலை அடிபடும். ஸ்லீவின் வாயை இரு பக்கமும் லேசாக அழுத்தி விரித்து, கார்டைச் சாய்க்காமல் இறக்குங்கள். அதன் பிறகுதான் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை. சாதாரணக் கார்டுக்கு 35 பாயின்ட், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 35 பங்கு கனம். ஜெர்சித் துண்டு பதித்த தடித்த கார்டுக்கு 130 பாயின்ட் வேண்டும். அதை 35-க்குள் திணித்தால் விளிம்பு நசுங்கும்.

கேள்வி: எந்தக் கார்டை கிரேடிங் (பிஎஸ்ஏ போன்ற நிறுவனத்திடம் மதிப்பெண் வாங்க) அனுப்பினால் லாபம்?

பதில்: ஒன்பது வந்தால் என்ன ஆகும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். கிரேடு இல்லாமல் ரூ.4,000 போகும் கார்டு. கட்டணம், தபால், காப்பீடு சேர்த்து ரூ.3,500 செலவு, 10 வந்தால் ரூ.11,000, 9 வந்தால் ரூ.5,000 விலை என்று கொள்ளுங்கள். இரண்டுக்கும் சமவாய்ப்பு என்றால் சராசரி வரவு ரூ.8,000, உங்கள் முதல் ரூ.7,500. விற்பனைத் தளத்தின் கமிஷனில் மிச்சமும் போய்விடும். மேலே சொன்ன சோதனையில் ஒரு சந்தேகமும் இல்லாத கார்டை மட்டும் அனுப்புங்கள்.

'இதுவரை பத்து மதிப்பெண் வாங்கியவை நான்கே நான்கு' என்று விளம்பரம் செய்து விற்பார்கள். வெளியாகி இரண்டு மாதம்கூட ஆகாத கார்டுக்கு அந்த எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது. அனுப்பியவை இன்னும் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கின்றன, அவ்வளவே. ஆறு மாதம் கழித்து அதே எண்ணிக்கையை மறுபடி பாருங்கள்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். குரோம் கார்டுகள் எல்லாம் வில்லாக வளைகின்றன. போலியா?

பதில்: போலி என்று முடிவுகட்ட வேண்டாம். முன்பக்கப் பளபளப்பு அடுக்கு ஈரம் குடிக்காது, பின்பக்க அட்டை குடிக்கும். கடலோர ஈரக்காற்றில் அட்டை உப்பி, கார்டு முன்பக்கமாகக் குழிகிறது. நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் அட்டை சுருங்கி, எதிர்ப்பக்கமாக வளையும். புத்தகத்தைப் பாரமாக வைத்து நிமிர்த்தாதீர்கள். தூசித் துகள் ஒன்று இடையில் மாட்டினாலும் மேற்பரப்பில் பள்ளம் விழும். ஸ்லீவ், டாப்லோடர் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தை நிலைநிறுத்தும் பொட்டலத்தோடு இரண்டு வாரம் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டால் அளவுக்கு மீறி உலர்ந்துவிடும். ஆல்பத் தாள் பாலிப்ரோப்பிலீனாக இருக்கட்டும். மெத்தென்ற பிவிசி தாள் நாளடைவில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: 'ஆர்சி' (ரூக்கி கார்டு என்பதன் சுருக்கம்) முத்திரை இருந்தால்தான் அது ரூக்கி கார்டா, அதாவது வீரரின் அறிமுகக் காலக் கார்டா?

பதில்: கால்பந்தில் இதற்கு எல்லாரும் ஏற்ற ஒரே விதி கிடையாது. மெஸ்ஸிக்கு 2004-05 பனினி மெகா கிராக்ஸ் வரிசையின் 71-ஆம் எண் கார்டு, ரொனால்டோவுக்கு 2002-03 பனினி மெகா கிராக்கஸ் வரிசையின் 137. இரண்டையும் ரூக்கி என்று ஏற்றது சேகரிப்பாளர் சந்தைதான். எம்பாப்பே விஷயத்தில் 2018 உலகக் கோப்பைக்கு வந்த பனினி பிரிஸம் கார்டைத்தான் அதிகம் தேடுகிறார்கள். அதற்கு முன்பே பிரான்ஸில் அவருக்கு வெளியீடுகள் உண்டு. இன்றைய டாப்ஸ் கார்டுகளில் முத்திரை இருப்பது விற்கும்போது உதவும். ஆனால் ஒரே சீசனில் ஒரே வீரருக்குப் பல வரிசைகளில் அந்த முத்திரை விழுகிறது. முத்திரைக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். எந்த வரிசை, எத்தனை அச்சு என்று கேளுங்கள்.

கேள்வி: பிரீமியர் லீக் உரிமம் பனினியிடமிருந்து போய்விட்டதே, என்னிடம் உள்ள பனினி கார்டுகள் மதிப்பிழக்குமா?

பதில்: 2019-20 முதல் பனினியிடம் இருந்த உரிமம் 2025-26 சீசனிலிருந்து டாப்ஸுக்கு வந்திருக்கிறது. அச்சாகிவிட்ட கார்டில் கிளப் சின்னமும் சட்டையும் அப்படியே இருக்கின்றன, அதை உரிமம் தொடாது. பதற்றத்தில் விற்க வேண்டாம்.

கேள்வி: மகன் டாப்ஸின் மேட்ச் அட்டாக்ஸ் விளையாட்டு வரிசையில் வரும் 'லிமிடெட் எடிஷன்' கார்டுகளைச் சேர்க்கிறான். பின்னாளில் காசாகுமா?

பதில்: பெரும்பாலானவை ஆகாது. 'லிமிடெட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எண் இல்லையென்றால் எவ்வளவு அச்சிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. எண்ணிட்டதோ கையெழுத்திட்டதோ வந்தால் தனியாக எடுத்து வையுங்கள். மற்றவை விளையாடவும் நண்பர்களோடு மாற்றிக்கொள்ளவும் செய்தவை, பையன் அதற்கே பயன்படுத்தட்டும். டாப்ஸ் நவ் வேறு வகை: குறிப்பிட்ட நாள்களுக்குள் வந்த ஆர்டருக்கு மட்டும் அச்சிட்டு, எண்ணிக்கையைப் பிறகு வெளியிடுவார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகு இரண்டாம் கையில் வாங்குவதே நல்லது.

கேள்வி: இணையத்தில் உதிரி பேக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: பாக்ஸுக்கு ஒரு கையெழுத்துக் கார்டு உறுதி என்ற வரிசையில் உதிரி பேக் வாங்கவே வேண்டாம். விற்பவர் பிரித்துக்கொண்டே வந்து கையெழுத்து கிடைத்ததும் மிச்சத்தை விற்றிருக்கலாம். தடித்த கார்டு உள்ள பேக்கை எடை போட்டுப் பொறுக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கையில் வந்துவிட்டதென்றால் இரு முனைகளிலும் உள்ள பல் போன்ற மடிப்பைப் பாருங்கள். ஒரு முனை சீராகவும் மறுமுனை கசங்கியோ பசைத் தடத்தோடோ இருந்தால், பிரிக்காமல் படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். பிரித்த பிறகு கேட்டால் பணம் வருவது கடினம்.