கொடி நாளும் டிஸ்சார்ஜ் புத்தகமும்

அன்புள்ள ஐயா,

வேலூர் மாவட்டத்தில், தெருவுக்கு நாலு பட்டாளத்து வீடு இருக்கும் ஊர் எங்களுடையது. டிசம்பர் 7 கொடி நாளன்று ஊரிலுள்ள முன்னாள் படைவீரர்களையும், கணவரை இழந்த அம்மாக்களையும் மேடையேற்றி மரியாதை செய்ய எங்கள் இளைஞர் மன்றம் முடிவு செய்திருக்கிறது. கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. சால்வை, கேடயம், மதியச் சாப்பாடு என்று திட்டம். மறைந்தவர்களின் படங்களுக்குத் தேசியக் கொடி போர்த்தலாமா? மீதிப் பணத்தைக் கொடி நாள் நிதிக்குக் கொடுப்பது எப்படி? வேறு என்ன செய்தால் அவர்களுக்கு உண்மையில் பயன்படும்?

செ., குடியாத்தம் வட்டம்

அன்புள்ள செ.,

சால்வை போடுங்கள், சாப்பாடும் போடுங்கள். கேடயத்தை விட்டுவிடுங்கள். பரண்மேல் வைக்க அவர்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கும். அந்தப் பணத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் ஆவண முகாம் நடத்தலாம். ஒரு ஜெராக்ஸ் மெஷின், நெட் வசதியோடு இரண்டு லேப்டாப், ஒரு நோட்டரி வக்கீல், படிவம் நிரப்பத் தெரிந்த நாலைந்து பிள்ளைகள், இவ்வளவுதான் தேவை.

முகாமை டிசம்பர் 7 அன்று வைக்காதீர்கள். அன்று ஆட்சியர் அலுவலகத்தில் கொடி நாள் நிகழ்ச்சி, தேநீர் விருந்து என்று முன்னாள் படைவீரர் நல அலுவலக ஆட்கள் அங்கேயே இருப்பார்கள். நவம்பரில் ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள். ஒரு மாதம் முன்பே அந்த அலுவலகத்தின் உதவி இயக்குநருக்குக் கடிதம் கொடுத்து, ஒருவரையாவது அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதமும் அதுதான்.

மனைவியின் குடும்ப ஓய்வூதியம், கணவருடைய படை ஆவணத்தில் அவர் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதில்தான் நிற்கிறது. அதில் பிழை இருந்தால், கணவர் உயிரோடு இருக்கும்வரை அவர் கையெழுத்துப் போட்ட மனுவோடு திருத்திவிடலாம். அவர் போன பிறகு, வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, பிரமாணப் பத்திரம் என்று அலைந்து, தான்தான் அவர் மனைவி என்று அந்தம்மாவே நிரூபிக்க வேண்டியிருக்கும். அந்த வயதில், அந்த துக்கத்தில். அதனால் முகாமுக்கு விதவைகளை மட்டும் அழைத்தால் பாதி வேலைதான் ஆகும். திடகாத்திரமாக இருக்கும் அறுபது வயதுக்காரர்களை மனைவியோடு வரச் சொல்லுங்கள்.

நாலு காகிதத்தை மேசையில் அருகருகே வையுங்கள்: டிஸ்சார்ஜ் புத்தகம் (படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்தது), பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), மனைவியின் ஆதார், பேங்க் பாஸ்புக். பெயர், பிறந்த தேதி இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊரில் பிழை வரும் இடம் பெரும்பாலும் இனிஷியல்தான். ராணுவப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு அது கிடையாது. எழுத்தர் அப்பா பெயரைப் பின்னால் ஒட்டியிருப்பார். மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன் தகப்பனார் இனிஷியல், பின்னால் கணவர் இனிஷியல். முனியம்மாள் ஒன்றில் முனியம்மா, இன்னொன்றில் முனியம்மாள் எம். பிறந்த தேதியோ, ஆதார் எடுத்த அன்று யாரோ போட்ட ஜனவரி 1.

பிறந்த தேதியைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். ஓய்வூதியருக்கும் குடும்ப ஓய்வூதியருக்கும் 80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் 100 சதவீதம் கூடுதல் தொகை உண்டு. மனைவியின் பிறந்த தேதி ஆவணத்தில் இல்லாவிட்டால் அவருக்கு 80 ஆனது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 84 வயதுப் பாட்டி பழைய தொகையையே வாங்கிக்கொண்டிருப்பார்.

எதைத் திருத்துவது? படை ஆவணத்தில் இருப்பது சரி என்றால் ஆதாரை அதற்கேற்ப மாற்றுவது எளிது. ஆனால் ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம். ஆகவே பான், பேங்க் எல்லாவற்றிலும் எது வரவேண்டும் என்று முடிவு செய்த பிறகே கை வையுங்கள். படை ஆவணமே தவறென்றால், அவர் இருந்த படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி நாசிக், சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. செகந்தராபாத். கல்யாணம், பிள்ளை பிறப்பு எல்லாம் பணிக்காலத்தில் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற படைப் பதிவு ஆணையாக வெளியாகியிருக்கும்; அதன் எண்ணும் தேதியும் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. மனுவோடு ‘இரு பெயரும் ஒருவரே’ என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம், ஆதார் நகல், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் குடும்ப விவரம் உள்ள பக்கத்தின் நகல் வையுங்கள். ரெக்கார்ட்ஸ் திருத்திப் பிரயாக்ராஜிலுள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பும்; அங்கிருந்து திருத்தப்பட்ட பி.பி.ஓ. வரும். ஓய்வுக்குப் பிறகு மறுமணம் செய்தவர்களையும், மாற்றுத்திறனுள்ள பிள்ளை இருப்பவர்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த மனைவிக்கும் உரிமை உண்டு. அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. பெற்றவர் இருக்கும்போதே பெயரை ஏற்றிவிட வேண்டும்.

அடுத்து உயிர்வாழ் சான்று. ஓய்வூதியம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற பாதுகாப்புத் துறை ஓய்வூதிய இணையதளம் வழியாக வருகிறது. உயிர்வாழ் சான்று எடுக்கும் ஜீவன் பிரமாண் செயலியில், ஓய்வூதியம் வழங்கும் முகமை என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் தங்கள் பேங்க் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சான்று எண் வரும், ஆனால் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. ஓய்வூதியம் நின்ற பிறகுதான் தெரியும். அனுமதித்த அலுவலகம் ‘டிஃபென்ஸ் – பி.சி.டி.ஏ. (பி) அலகாபாத்’, வழங்கும் முகமை ‘ஸ்பர்ஷ் – பி.சி.டி.ஏ. (பென்ஷன்ஸ்) அலகாபாத்’. மேலே சொன்ன பிரயாக்ராஜ் அலுவலகம்தான் இது, செயலியில் பழைய ஊர்ப்பெயரில் இருக்கும். பி.பி.ஓ. எண்ணும் ஸ்பர்ஷ் கொடுத்த புதிய எண்ணாக இருக்கட்டும். மண்வெட்டி பிடித்த கைக்கு ரேகை விழாது. முகம் காட்டும் முறையில் செய்யுங்கள், வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார வைத்தால் சட்டென்று எடுக்கும். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அன்றே பத்துத் தடவை சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளிடமும்தான்.

கணவர் இறந்தால் செய்யக்கூடாத ஒன்று: அடுத்த மாதம் கணக்கில் விழும் ஓய்வூதியத்தை ஏ.டி.எம்.மில் எடுப்பது. அது பின்னால் பிடித்தம் ஆகும். உடனே ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவித்துக் குடும்ப ஓய்வூதியத்தைத் தொடங்க வேண்டும். ஓய்வுபெற்றவர் இறந்தால் முதலில் உயர் விகிதம்: கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம்வரை, ஏழு ஆண்டு அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள்வரை, எது முந்தியோ அது. பிறகு 30 சதவீதம். 64-ல் இறந்தவர் வீட்டில் மூன்று வருடத்தில் தொகை இறங்கும். ‘யாரோ குறைத்துவிட்டார்கள்’ என்று ஏஜென்டிடம் ஓடுவது அப்போதுதான். பணி காரணமாக இறந்தால் 60 சதவீதம், போரில் என்றால் 100 என்று கணக்கே வேறு. ஓய்வுக்குப் பின்னும் தொடரும் குழுக் காப்பீட்டுச் சான்று பெட்டியில் இருக்கிறதா என்றும் தேடச் சொல்லுங்கள். கேட்டால்தான் அந்தப் பணம் வரும்.

ஓய்வூதியமே இல்லாத முன்னாள் படைவீரர்களும் உங்கள் ஊரில் இருப்பார்கள். 15 ஆண்டு முடிக்காமல் வந்தவர்கள். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். நேரில் போய் அழையுங்கள். ஹவில்தார் தரம்வரை இருந்து, 65 வயது கடந்து, வருமானம் இல்லாதவருக்கும் அவர் விதவைக்கும் மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு வழியாக மாதம் 8,000 ரூபாய் உதவி உண்டு. 2025 நவம்பர் முதல் நாளுக்கு முன் அது 4,000. அப்போதே, பிள்ளைகள் இருவர்வரை படிப்புக்குத் தலா மாதம் 1,000 இருந்தது 2,000 ஆனது. பெண் கல்யாண உதவி 50,000-லிருந்து ஒரு லட்சம். எல்லாம் ஆன்லைன் விண்ணப்பம், மாவட்ட அலுவலகம் சரிபார்த்து மேலே அனுப்பும். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்.-ல் இருந்தவர்களுக்கு இவை பொருந்தாது. அவர்கள் உள்துறையின் கீழ் வருபவர்கள். அவர்களுக்குத் தனி நல வாரியம். இதை மேடையிலேயே சொல்லிவிட்டால் மனக்கசப்பு வராது. அக்னிவீரராகப் போயிருக்கும் பையன்களின் பெற்றோரிடம், பணிக்காலத்தில் 48 லட்சம் காப்பீடு உண்டு, நாலு வருடத்தோடு வெளியே வந்தால் ஓய்வூதியம் கிடையாது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்.

கொடி நாள் நிதி: மேலே சொன்ன சைனிக் போர்டு உதவிகள் அந்த நிதியிலிருந்து வருபவைதான், ஆகவே தாராளமாகக் கொடுங்கள். நீங்களாக உண்டியல் அடித்துத் தெருவில் வசூலிக்காதீர்கள். மாவட்ட அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்குங்கள், அல்லது சைனிக் போர்டு இணையதளத்தில் செலுத்துங்கள். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டு.

படங்களுக்குக் கொடி போர்த்த வேண்டாம். அரசு மரியாதையோ படை மரியாதையோ உள்ள இறுதிச் சடங்கு தவிர வேறெங்கும் தேசியக் கொடியைப் போர்வையாக்கக் கூடாது என்கிறது கொடி விதித்தொகுப்பு. சிலையை மூடவும் கூடாது. மாலை போதும். மேடைக்கு அருகில் கம்பத்தில் கொடி பறக்கட்டும்.

அம்மாக்களை மேடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். பெயர், ரெஜிமென்ட், பணியாற்றிய ஆண்டுகள் மூன்றையும் முன்கூட்டியே கேட்டு எழுதி, பிழையில்லாமல் வாசியுங்கள். எம்.எல்.ஏ. வரத் தாமதமானால் அவர் வரும்வரை நிறுத்தி வைக்காமல் முதலில் அவர்களுக்குச் சால்வை போட்டுச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.