பிராய் நெருப்பைச் சுற்றி: கேள்வி பதில்

செப்டம்பர் 24 நெருங்குகிறது. தென்னாப்பிரிக்காவில் அன்று பாரம்பரிய நாள், பொது விடுமுறை. வீட்டுக்கு வீடு விறகை மூட்டி, தணலில் இறைச்சி சுட்டுச் சாப்பிடுவார்கள். இதைத்தான் இங்கே பிராய் என்கிறார்கள். டர்பனில் குடியிருக்கும் எனக்குப் பிராய் என்றால் உயிர். புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஜோகன்னஸ்பர்க்கில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மேனேஜர் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு "பிரிங் அண்ட் பிராய்" என்று வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். என்ன கொண்டு போக வேண்டும்?

நீங்கள் சாப்பிடப் போகும் இறைச்சியையும், குடிக்கப் போவதையும் நீங்களே கொண்டு போங்கள் தம்பி. நம் ஊரில் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு "கறியை வாங்கிட்டு வா" என்றால் உறவே முறிந்துவிடும். இங்கே அதுதான் வழக்கம், யாரும் குறையாக நினைப்பதில்லை. நெருப்பும் இடமும் வீட்டுக்காரர் பொறுப்பு. உருளைக்கிழங்கு சாலட், மீலி பாப் எனப்படும் வெள்ளை மக்காச்சோள மாவுக் களி போன்றவை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஆனாலும் "சாலட் ஏதாவது கொண்டு வரட்டுமா?" என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முக்கியமான விஷயம், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஒரு மணி என்றால் அது நீங்கள் போய்ச் சேரும் நேரம், சாப்பாட்டு நேரம் அல்ல. பல வீடுகளில் ஆட்கள் வந்த பிறகுதான் விறகையே பற்றவைப்பார்கள். அது எரிந்து தணலாக முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். தட்டு கைக்கு வர மூன்று, மூன்றரை ஆகிவிடும். அதுவரை எல்லோரும் நெருப்பைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். உங்களைக் கூப்பிட்டது அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான். ஆபீசில் ஒரு வருஷம் பக்கத்து சீட்டில் இருந்தும் பேசாதவர் அங்கே மனம் விட்டுப் பேசுவார். போனை எடுத்து வைத்துவிட்டு அந்த வட்டத்தில் போய் நில்லுங்கள்.

போன வாரம் ஒரு பிராயில் உதவி செய்யலாமே என்று இடுக்கியை எடுத்து ஒரு துண்டைத் திருப்பினேன். சட்டென்று எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். என்ன தப்பு செய்தேன்?

அடுத்தவர் நெருப்பில் கை வைத்துவிட்டீர்கள். இடுக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அங்கே தலைவர். இதில் நியாயமும் இருக்கிறது. எந்தத் துண்டை எப்போது வைத்தோம், கம்பி வலையில் எந்த மூலையில் சூடு அதிகம் என்பதெல்லாம் அவர் மனசில் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒருவர் திருப்பினால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். "இன்னும் ஆகலையா?" என்று கேட்பதையும் தவிருங்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், அவருக்குக் குடிக்க எடுத்துக் கொடுக்கலாம். அவரே உள்ளே போகும்போது இடுக்கியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனால், உங்களைத் தன் ஆளாக நினைக்கிறார் என்று அர்த்தம்.

பெண்கள் நெருப்புப் பக்கம் போகக் கூடாதா? நான் போன இடத்தில் ஆண்கள் எல்லாம் வெளியே, பெண்கள் எல்லாம் சமையலறையில் சாலட் நறுக்கிக்கொண்டு இருந்தார்கள்.

பழைய பழக்கம் அக்கா, இன்னும் நிறைய வீடுகளில் அப்படித்தான். எனக்கு அது பிடிப்பதில்லை. சுடுவதை விட இரண்டு சாலட், ஒரு களி, பாத்திரம் கழுவுவது எல்லாம் பெரிய வேலை. பாராட்டு மட்டும் இடுக்கி பிடித்தவருக்குப் போகிறது. இப்போது பெண்கள் நடத்தும் பிராய்களும் கூடிவருகின்றன. உங்கள் வீட்டில் நீங்களே நெருப்பை மூட்டுங்கள். மூட்டியவர் கையில்தான் இடுக்கி என்ற விதி உங்களுக்கும் பொருந்தும்.

நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். சுருள் சுருளாக ஒரு சாசேஜ் எல்லா இடத்திலும் வைக்கிறார்கள். அதைச் சாப்பிடலாமா?

அது பூரவோஸ். பெரும்பாலும் மாட்டிறைச்சி, கூடவே பன்றியோ ஆடோ சேர்ந்திருக்கும். அதனால் கேட்காமல் எடுக்காதீர்கள். பூரவோஸ் என்று பெயர் போட்டு விற்க, குறைந்தது 90 சதவீதம் இறைச்சி இருக்க வேண்டும், கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. அதன் மணத்துக்குக் காரணம் வறுத்துப் பொடித்த கொத்தமல்லி விதை. கூடவே ஜாதிக்காய், கிராம்பு, வினிகர். முதல் தடவை அந்த வாசனை வரும்போது நம் வீட்டு அடுப்படி ஞாபகம் வராமல் இருக்காது.

டர்பனில் ஆட்டிறைச்சியிலும் கோழியிலும் செய்த சாசேஜ் தாராளமாகக் கிடைக்கிறது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களின் வழிவந்தவர்களில் பலர் இன்றும் மாடு தொடுவதில்லை, அதனால் கசாப்புக்கடைக்காரர்களுக்கு இது பழக்கப்பட்ட விஷயம். மற்ற ஊர்களில் இருந்தால் மடக்குக் கம்பி வலை ஒன்றைச் சொந்தமாக வாங்கிக் கையோடு கொண்டு போங்கள். "எங்கள் வீட்டில் மாடு இல்லை, இந்த வலையில் தனியாகச் சுட்டுக்கொள்ளலாமா?" என்று நேராகக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஹலால் பார்ப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

செப்டம்பர் 24 எப்போதுமே புரட்டாசியில்தான் வருகிறது. நாங்கள் மாதம் முழுக்க சைவம். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பக்கம் போய்ப் பாருங்கள், புரட்டாசி விரதத்தைக் கடைப்பிடிக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. தமிழ் பேச வராத பிள்ளைகள்கூட அந்த மாதம் கறி தொடுவதில்லை. அதற்காக நெருப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

சோளக்கதிரைச் சுட்டு, எலுமிச்சைத் துண்டை மிளகாய்த்தூளிலும் உப்பிலும் தொட்டுத் தேயுங்கள், மெரினாவில் தின்றதேதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பூசணித் துண்டுகளையும் அலுமினியத் தாளில் சுற்றித் தணல் ஓரமாகப் புதையுங்கள், முக்கால் மணியில் வெந்துவிடும். அப்புறம் பிராய்புரோக்கி. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே சீஸ், தக்காளி, வெங்காயம், இனிப்புச் சட்னி வைத்து, வெளிப்பக்கம் வெண்ணெய் தடவி, மடக்கு வலையில் பூட்டி, அணையப்போகும் தணலில் பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் சுடுவது. உள்ளே சீஸ் உருக வேண்டும், வெளியே பொன்னிறம் தாண்டக் கூடாது. கறி சாப்பிடுகிறவர்களே இதற்குத்தான் முதலில் கை நீட்டுவார்கள், அதனால் கொஞ்சம் அதிகமாகவே செய்யுங்கள்.

பாரம்பரிய நாளைக் கறி சுடும் நாளாகச் சுருக்கிவிட்டார்கள் என்று என் நண்பர் வருத்தப்படுகிறார். நியாயம்தானே?

பாதி நியாயம். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்த நாள் முன்பு ஷாகா நாள், சுலு மன்னர் ஷாகாவின் நினைவு நாள். அது மறக்கப்படுவதில் சுலு மக்களுக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும். பிராய் நாள் என்ற இயக்கம் 2005ல் தொடங்கியது. 2007ல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதன் புரவலரானார். நிறவெறியை எதிர்த்து நின்ற அவர் இதை ஏற்றுக்கொண்டதில் எனக்கு அர்த்தம் தெரிகிறது. எந்த மொழி பேசுகிறவரும், எந்த நிறத்தவரும் விறகு மூட்டிச் சுட்டுச் சாப்பிடுகிற நாடு இது. உங்கள் நண்பர் நெருப்பருகே நின்று ஷாகாவின் கதையைச் சொல்லட்டும், இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

கேஸ் அடுப்பில் செய்தால் பிராய் ஆகாதா?

சாப்பாடு ஆகும். பிராய் ஆகாது.

ராமநாதபுரத்திலிருந்து கேட்கிறேன். அங்கே என்ன விறகு எரிப்பார்கள்? இங்கே எதைப் பயன்படுத்தலாம்?

கேப் டவுன் பக்கம் ரோய்கிரான்ஸ். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து காடாகப் பரவிவிட்ட மரம், வெட்டி எரித்தால் நாட்டுக்கு நல்லது. வடக்கே கமீல்டோரிங் என்ற முள்மரம். தணல் வெகுநேரம் நிற்கும், ஆனால் பாதுகாக்கப்பட்ட மரம், அனுமதியில்லாமல் காய்ந்த கட்டையைக்கூட எடுக்கக் கூடாது. செக்கல்போஸ் என்று இன்னொன்று உண்டு, நம் விடத்தலை மரமேதான். உங்களுக்கு வேறெதுவும் தேட வேண்டாம், சீமைக்கருவேலம் இருக்கிறதே! நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்கட்டும். பெயின்ட் அடித்த பலகை, பழைய பிளைவுட் எதையும் நெருப்பில் போடாதீர்கள், அந்தப் புகை விஷம்.

எனக்கு எப்போதும் வெளியே கருகி உள்ளே வேகாமல் போகிறது. மசாலாவை முந்தின நாளே தடவி ஊற வைக்கிறேன்.

சுவாலை இருக்கும்போதே வைத்துவிடுகிறீர்கள். கட்டை முழுக்கச் சாம்பல் பூத்து, சுவாலை அடங்கிய பிறகு, வலை உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். ஐந்து நொடி தாங்க முடிந்தால் கோழிக்குச் சரியான சூடு. இரண்டு நொடியில் கை சுட்டால் ஸ்டேக் போடலாம், கோழி போடக் கூடாது.

மசாலாவில் சர்க்கரையோ தேனோ இருந்தால் முதலில் கருகுவது அதுதான். அதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் பூசுங்கள். கெட்டியாக அப்பியிருக்கும் மசாலாவை வழித்துவிட்டு வையுங்கள். ஆட்டு சாப்ஸ் என்றால் ஏழெட்டை வரிசையாக நிறுத்திக் கம்பியில் கோத்து, கொழுப்பு ஓரம் கீழே இருக்கும்படி முதலில் நிற்க வையுங்கள். கொழுப்பு உருகி மொறுமொறுப்பானதும் பிரித்துப் படுக்க வையுங்கள். சொட்டும் கொழுப்பில் சுவாலை எழுந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாம்பல் பறந்து கறியில் ஒட்டும். வலையைத் தள்ளி வைத்தால் போதும்.

வலை சுத்தமா என்றும் பாருங்கள். சூடான வலையில் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்தால் பழைய பிசுக்கெல்லாம் வந்துவிடும்.

கடற்கரையில் பிராய் போடலாமா? முடிந்ததும் தணலை மணலில் புதைத்துவிட்டால் போதும்தானே?

அனுமதித்த இடத்தில் மட்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில் அங்கேயும் வேண்டாம், கேப் டவுன் இருக்கும் மேற்குக் கேப் மாகாணத்தில் கோடையில் ஒரு பொறி மலையையே எரித்துவிடும். மணலில் மட்டும் புதைக்கவே புதைக்காதீர்கள். மேலே மணல் ஆறியதுபோல் தெரியும், அடியில் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைகள்தான் அதில் கால் வைக்கிறார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அணையாத தணலைக் குளிர் காயக் கூடாரத்துக்குள் எடுத்துப் போகவும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.