கடல் கடந்து வரவேண்டிய நாய்க்கு எவ்வளவு திரட்டுவது?

வெளிநாட்டில் தத்தெடுத்த நாயை வீட்டுக்குக் கொண்டுவருவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். இடம் கருதிக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: வேலைக்காக வெளிநாட்டில் இருந்தபோது காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுத்தோம். திடீரென்று திரும்பவேண்டியதாயிற்று. நாய் அங்கே ஒரு போர்டிங்கில் (கட்டணத்துக்கு நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருக்கிறது. உறவினர்களும் நண்பர்களும் பணம் தந்து உதவுவதாகச் சொல்கிறார்கள். விமானக் கட்டணத்தை விசாரித்து, அதையே இலக்காக வைத்துத் திரட்டலாமா?

பதில்: அப்படி வைத்தால் பாதி வழியிலேயே கை வறண்டுவிடும். இந்தக் கணக்கில் நிறையப் பேர் மறப்பது போர்டிங்கை. டிக்கெட் ஒரு தடவைச் செலவு. போர்டிங் தினச் செலவு. நாய் அங்கே எத்தனை நாள் இருக்கும் என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, ரேபிஸ் (வெறிநோய்) விதிகள் முடிவு செய்கின்றன.

உதாரணத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். ரேபிஸ் அபாயம் குறைந்தது என்று அது பட்டியலிட்டிருக்கும் நாடுகளிலிருந்து வரும் நாய்க்கு, முதல் தடுப்பூசி போட்டு 21 நாள் ஆகியிருந்தால் போதும். பட்டியலில் இல்லாத நாடு என்றால் கதை வேறு. தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்கவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் எதிர்ப்பொருள் (ஊசியால் ரத்தத்தில் உருவாகும் நோய் எதிர்ப்புப் பொருள்) அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது வரவேண்டும். அதன்பிறகும், ரத்தம் எடுத்த தேதியிலிருந்து 3 மாதம் காத்திருக்கவேண்டும். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நான்கு மாதம். ஜப்பான் இன்னும் கறார்: தன் பட்டியலில் இல்லாத நாட்டு நாய்க்கு இரண்டு தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, பிறகு 180 நாள் காத்திருப்பு. ஆஸ்திரேலியாவோ தன் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து நேரடியாக நாயை எடுத்துவரவே விடாது. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதம் நிரம்பாத நாயை அனுமதிப்பதில்லை. எனவே முதல் வேலை, எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு என்பதை வைத்து அந்த அரசின் கால்நடைத் துறை விதியைப் படிப்பது. இலக்குத் தொகை அதற்குப் பிறகுதான்.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. கடிகாரத்தை ஓடவைக்கும் செலவுகள், அதாவது மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாள எண் சில்லு), தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, மொத்தச் செலவில் சிறிய பங்குதான். அவற்றை நிதி வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். கைப்பணத்தையோ முதலில் வரும் நான்கைந்து நன்கொடையையோ வைத்து இந்த வாரமே முடித்துவிடுங்கள். காத்திருக்கும் மாதங்களில் பெரிய தொகையைத் திரட்டலாம். முழுத்தொகை சேர்ந்தபிறகு ஊசி போடலாம் என்று இருப்பவர்கள் நன்கொடையின் பெரும்பகுதியைப் போர்டிங்குக்கே கட்டுகிறார்கள்.

ஊசிக்கு முன் சிப். இந்த வரிசை மாறக்கூடாது. ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் 15 இலக்க எண் உள்ள சிப்பைப் பொருத்தி, ஸ்கேனரில் எண் தெரிவதைப் பார்த்தபிறகே ஊசி. சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ரேபிஸ் ஊசியைப் பல நாடுகள் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொரு தடவை போட்டு, நாள்கணக்கை முதலிலிருந்து தொடங்கவேண்டும். முதல் ஊசியின்போது நாய்க்கு 12 வாரமாவது ஆகியிருக்கவேண்டும். ஸ்கேனர் திரையை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிச் சான்று, ஆய்வகப் படிவம், உடல்நலச் சான்று மூன்றிலும் அந்த 15 இலக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பாருங்கள். 6 இருக்கவேண்டிய இடத்தில் 8 இருந்தாலும் அது வேறு நாயின் காகிதம்.

இனி தொகை. இந்த வரிகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் எழுத்துபூர்வமான விலை வாங்குங்கள்: சிப்பும் ஊசியும், ரத்தப் பரிசோதனை மற்றும் மாதிரியைக் குளிர்பதத்தில் ஆய்வகத்துக்கு அனுப்பும் கூரியர், போர்டிங் நாள் கணக்கில், பயணக் கூண்டு, உடல்நலச் சான்றும் அரசு முத்திரையும், விமானக் கட்டணம், இறங்கும் இடத்தில் சுங்க முகவர், கால்நடைப் பரிசோதனை, கிடங்கு வாடகை, கட்டாயத் தனிமைப்படுத்தல் இருந்தால் அது. கிடங்கு வாடகையை அலட்சியப்படுத்தாதீர்கள். வெள்ளிக்கிழமை இரவு இறங்கும் நாய், அலுவலகம் திறக்கும்வரை காசு கொடுத்துக் காத்திருக்கும். வாரநாள் காலையில் இறங்கும் விமானத்தைக் கேளுங்கள்.

கூட்டுத்தொகைக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் கையிருப்பு வையுங்கள். ரத்தப் பரிசோதனையில் 0.5 வராமல் போவது நடக்கக்கூடியதுதான், குறிப்பாக ஒரே ஊசி போட்ட இளம் நாய்களில். அப்போது மறு ஊசி, மறு பரிசோதனை, மறுபடியும் போர்டிங். முதலிலேயே இரண்டு ஊசி போட்டுவிட்டால் இந்த அபாயம் குறையும், மருத்துவரிடம் கேளுங்கள். தேறிய பிறகு பூஸ்டர் (அடுத்த தவணை ஊசி) தேதியை ஒரு நாள்கூடத் தவறவிடாதீர்கள். விட்டால் தேறிய பரிசோதனையும் செல்லாது.

கடைசியாக, தளத்தின் பிடித்தம். நிதி திரட்டும் இணையதளமும் பணம் செலுத்தும் வழியும் சேர்ந்து 6 சதவீதம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். கைக்கு 100 வர 106 போதாது, 106.4 வேண்டும், 100-ஐ 0.94-ஆல் வகுக்கவேண்டும். இலக்கை எட்டாவிட்டால் எல்லாவற்றையும் திருப்பித் தரும் வகைத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்கு ஒவ்வொரு மாதமும் பணம் வேண்டும்.

கேள்வி: நாய் 22 கிலோதான். சரக்கு முகவர் 89 கிலோவுக்குக் கட்டணம் போட்டிருக்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: பெரும்பாலும் இல்லை. விமானச் சரக்கில் எடை, இடம் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. கூண்டின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பது பரவலான வழக்கம். கடையில் கிடைக்கும் பெரிய பிளாஸ்டிக் கூண்டு ஒன்று 102, 69, 76 என்று இருந்தால் 89 கிலோ வந்துவிடுகிறது. அதற்கு ஓர் அளவு சின்னது 91, 64, 69 என்றால் 67 கிலோதான். 22 கிலோ வித்தியாசம், உங்கள் நாயின் முழு எடை!

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சின்னதை வாங்காதீர்கள். கவுன்டரில் நாயைக் கூண்டுக்குள் நிற்கவைத்துப் பார்ப்பார்கள். காது கூரையில் இடித்தால் நாய் ஏறாது, அன்றைய பதிவுப் பணமும் போகும். ஐயாட்டா (சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம்) விதிப்படி அளப்பது இப்படி. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளம் (வாலைச் சேர்க்கக்கூடாது), தரையிலிருந்து முழங்கை மூட்டுவரை உயரம், தோளின் அகலம், நிமிர்ந்து நிற்கும்போது தரையிலிருந்து தலை உச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அதுவரை. கூண்டின் உள்நீளம், முதல் அளவோடு இரண்டாவதில் பாதி. உள்ளகலம், மூன்றாவதைப்போல் இரண்டு மடங்கு. உள்ளுயரம், நான்காவதோடு விரிப்பின் தடிமன். நீளம் 80, முழங்கை 30 என்றால் உள்நீளம் 95 வேண்டும்; சின்னக் கூண்டு போதாது. அதே நாயை வால் பாதியோடு சேர்த்து அளந்துவிட்டால் தேவையில்லாமல் இன்னும் பெரிய கூண்டுக்குப் போவீர்கள். எனவே நாயைச் சமதளத்தில் நிற்கவைத்து, இரண்டு பேர், இரண்டு தடவை அளக்கவேண்டும். போர்டிங்காரரிடம் டேப் வைத்த நிலையில் போட்டோ கேளுங்கள். பக், புல்டாக் போன்ற மூக்குச் சப்பை இனங்களுக்கு 10 சதவீதம் கூடுதல் இடம் வேண்டும். சில விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்றுவதே இல்லை.

கூண்டின் இரு பாதிகளையும் பிளாஸ்டிக் கிளிப்புக்குப் பதில் உலோக நட்டு போல்ட்டால் இணைக்கவேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றிவிடவேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கதவின் உள்பக்கம், வெளியிலிருந்தே ஊற்றும்படி. முந்தின இரவு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து மாட்டினால் ஏற்றும்போது சிந்தாது, போகப்போக உருகும். விரிப்பு ஈரத்தை உறிஞ்சுவதாக இருக்கட்டும். வைக்கோல் வேண்டாம், பல நாடுகள் அதை உள்ளே விடாது.

கூண்டைக் கடைசி வாரத்தில் வாங்குவது இன்னொரு தவறு. ஒரு மாதம் முன்பே வாங்கிப் போர்டிங்கில் வையுங்கள். கதவைத் திறந்துபோட்டு உள்ளே சாப்பாடு வைத்தால், பத்துப் பதினைந்து நாளில் நாய் தானாகவே போய்ப் படுக்கும்.

கேள்வி: பயணத்தின்போது தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கூடாது. மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் வெப்பத்தைச் சமாளிக்க விடாது, கூண்டு ஆடும்போது நாயால் காலூன்றி நிற்க முடியாது. தள்ளாடும் நாயைப் பல விமான நிறுவனங்கள் ஏற்ற மறுக்கும். கூண்டுப் பழக்கம்தான் மருந்து.

கேள்வி: அந்த ஊரிலிருந்து வரும் ஒருவர் தன் டிக்கெட்டில் நாயை எடுத்துவருவதாகச் சொல்கிறார். செலவு குறையும் அல்லவா?

பதில்: குறையும். கூடுதல் லக்கேஜாக வரும் நாய்க்குக் கட்டணம் சரக்கைவிடப் பல தடங்களில் மிகக் குறைவு. ஆனால் எல்லா நாட்டுக்கும் இது சரிவராது. பிரிட்டனுக்கு விமானத்தில் வரும் நாய் சரக்காகத்தான் இறங்கமுடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில், நீங்கள் எழுதிக்கொடுத்த ஒருவர் நாயை எடுத்துவரலாம். ஆனால் உரிமையாளரான நீங்களும் அதற்கு 5 நாள் முன்பின்னாக அதே பயணத்தைச் செய்யவேண்டும். இல்லாவிட்டால் அது வணிகப் போக்குவரத்து. வேறு சான்று, புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை என்று எல்லாம் மாறும். காகிதம் தவறினால் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர் உதவ வந்தவர்தான். எனவே விதியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த ஒரு போக்குவரத்து முகவர் மற்றவர்களைவிடப் பாதி விலை சொன்னார். முன்பணம் கட்டியதும், "குளிர்சாதனக் கூண்டுக்கு டெபாசிட், பிறகு திருப்பித் தருவோம்" என்கிறார். கட்டலாமா?

பதில்: வேண்டாம். பழைய மோசடி இது. அடுத்து இன்ஷூரன்ஸ் வரும், பிறகு "நாய் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டது" என்று வரும். ஒவ்வொரு தடவையும் திருப்பித் தருவதாகத்தான் சொல்வார்கள்.

உண்மையான பதிவு இருந்தால் ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) எண் இருக்கும். மொத்தம் 11 இலக்கம். முதல் மூன்று விமான நிறுவனத்தின் குறியீடு. மீதி எட்டில் முதல் ஏழை ஓர் எண்ணாக எடுத்து 7-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் எட்டாவது இலக்கம். எனவே அது 7, 8, 9 ஆக இருக்கவே முடியாது. கணக்கு சரியாக வந்தாலும் அதோடு நம்பிவிடாதீர்கள். முகவர் அனுப்பும் இணைப்பை விட்டுவிட்டு, விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். அடுத்து, நாயை அன்றைய தேதி எழுதிய தாளோடு வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். நன்கொடைப் பணம் இது; இழந்தால் உங்கள் இழப்பு மட்டுமல்ல.

கேள்வி: பணம் கொடுத்தவர்களுக்கு என்ன கணக்குக் காட்டவேண்டும்? மிஞ்சினால்?

பதில்: திரட்டத் தொடங்கும் அன்றே மூன்று விஷயங்களை எழுதிப் போட்டுவிடுங்கள்: செலவுப் பட்டியல், மிஞ்சினால் எங்கே போகும், நாய் வரமுடியாமல் போனால் என்ன செய்வீர்கள். மூன்றாவதை எழுதக் கை வராது. ஆனால் பரிசோதனை தேறாமலோ நோயாலோ பயணம் நின்றுபோகலாம். அப்போது உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் திருப்தி வராது. தத்தெடுத்த காப்பகத்துக்கே மிச்சத்தைத் தருவது பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு.

தனி வங்கிக் கணக்கு வையுங்கள். மாதம் ஒருமுறை ரசீதுகளின் படம் போடுங்கள். முகவரியையும் சிப் எண்ணையும் மறைத்துவிடுங்கள். "போர்டிங் 30 நாள் கட்டியாயிற்று, ரத்த மாதிரி ஆய்வகம் போயிற்று" என்ற இரண்டு வரிகூட அடுத்த நன்கொடையைக் கொண்டுவரும். ஒரே பெரிய இலக்காக இல்லாமல் "அடுத்த மாதப் போர்டிங்", "கூண்டு" என்று துண்டுகளாகக் கேட்டால் சின்னத் தொகை தருபவர்களும் தயங்கமாட்டார்கள்.

கேள்வி: பயணத் தேதியை எப்போது குறிப்பது?

பதில்: கோடை உச்சியைத் தவிருங்கள். புறப்படும் இடம், மாறும் இடம், இறங்கும் இடம் ஏதாவது ஒன்றில் வெப்பம் 29 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் நாயை ஏற்றுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான உடல்நலச் சான்று, கொடுத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் நாய் உள்ளே நுழையவேண்டும். விமானம் தள்ளிப்போனால் அதையும் புதிதாக வாங்கவேண்டும். பிரிட்டன், அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே என்றால் நாடாப்புழு மருந்தை இறங்குவதற்கு முன் 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் கொடுத்து, நேரத்தையும் பதிய வேண்டும்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபிறகு செலவு இருக்குமா?

பதில்: இருக்கும், இலக்கில் சேருங்கள். முதல் வாரத்தில் முழுப் பரிசோதனை: இதயப்புழு, எர்லிச்சியா, பாபீசியா, லீஷ்மேனியா, புருசெல்லா ஆகிய தொற்றுகளில் நாய் இருந்த நாட்டுக்கு ஏற்றவை. இதயப்புழுப் பரிசோதனையை ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை செய்யவேண்டும். கொசு கடித்து உள்ளே போன புழு வளர்ந்து பரிசோதனையில் தெரிய ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். கிளம்புவதற்கு முந்தின வாரம் தொற்றியிருந்தால் முதல் பரிசோதனை "இல்லை" என்றே சொல்லும். கூண்டை உடனே விற்றுவிடாதீர்கள். புது வீட்டில் முதல் சில வாரம் நாய் போய்ப் படுக்க விரும்பும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.