டி.எஸ்.எச். 7, ஆன்டிபாடி பாசிட்டிவ்: குழந்தை உண்டாகுமா?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு: திருமணமாகி இரண்டு வருடம், டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பியை முடுக்கும் ஹார்மோன்) 7, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கொஞ்சம் கூடுதல், ஆன்டி-டி.பி.ஓ. (தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி) பாசிட்டிவ், இனி குழந்தை உண்டாகுமா என்கிறீர்கள். பெரும்பாலும் உண்டாகும், மனதை விட்டுவிடாதீர்கள்.

உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குவதை ஹஷிமோட்டோ என்பார்கள். சுரப்பி தளர்ந்ததும் அதை முடுக்க மூளை அனுப்பும் டி.ஆர்.எச். என்ற ஹார்மோன், டி.எஸ்.எச்.-ஓடு புரோலாக்டினையும் சேர்த்து ஏற்றிவிடும். அதனால் கருமுட்டை வெளிவருவது தடுமாறும். தைராய்டு சீரானால் புரோலாக்டின் பல நேரம் தானே இறங்கும். எனவே அதற்குத் தனி மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். கருத்தரிக்க முயல்பவர்களுக்கு டி.எஸ்.எச். 2.5-க்குள் இருப்பதையே பல டாக்டர்கள் விரும்புவார்கள்.

நம் பக்கம் கோட்டை விடுவது தைராய்டு மாத்திரை போடும் நேரத்தில்தான். விடிந்ததும் டபராவில் காபி வந்துவிடும், அதோடு சேர்த்தே மாத்திரையும் உள்ளே போகும். அப்படிப் போட்டால் மருந்து சரியாகச் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். 6 வாரம் கழித்து மறுபடி டெஸ்ட். ஆன்டிபாடி அளவைக் குறைக்க அலைய வேண்டாம்.

நாள் தள்ளிப்போனால் உடனே டாக்டரைப் பாருங்கள், டோஸ் பெரும்பாலும் கூட்ட வேண்டிவரும். முதல் மாதங்களில் குழந்தைக்கு உங்கள் தைராய்டு ஹார்மோன்தான்.

அப்புறம், கல்யாண வீட்டில் ஆச்சிமார் "விசேஷம் உண்டா?" என்று உங்களைத்தான் கேட்பார்கள். உங்கள் கணவருக்கும் விந்துப் பரிசோதனை இப்போதே எடுத்துவிடுங்கள்.