கைஅச்சுத் தாள் என்று சொல்லி மெஷின் பிரிண்ட் அனுப்பினால்?

கேள்வி: கொலாஜ் (தாள்களை வெட்டி ஒட்டிச் செய்யும் படம்) செய்ய ‘கையால் அச்சிட்ட தாள்கள் 40’ என்று ஆன்லைனில் பார்த்து 850 ரூபாய்க்கு வாங்கினேன். பசை தடவியதும் சாயம் கரைந்து ஓடுகிறது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்பவர். (வாசகி, திருச்சி)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், விடாதீர்கள். அக்ரிலிக் வண்ணத்தில் அச்சிட்டுக் காய்ந்த தாள் பசை ஈரத்துக்குக் கரையாது. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் இங்க்ஜெட் பிரிண்டாக இருக்கும். போன் கேமராவில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், பொடிப்பொடியாக வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே இல்லை. ரோலரில் மை தடவி எடுத்த தாளில் மை சில இடங்களில் திட்டாகவும் சில இடங்களில் வெளிறியும் இருக்கும். ஜெல் தட்டில் (மை தடவித் தாளை அழுத்தி அச்செடுக்கும் ஜெல்லி போன்ற மெத்தென்ற தட்டு) எடுத்ததென்றால் ஒன்றைப் போல இன்னொன்று வரவே வராது. எனக்கும் இப்படி ஒரு கட்டு வந்தது. இரண்டு தாள்களில் ஒரே இடத்தில் ஒரே தூரிகை மயிர் ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான், ஏதோ ஒரு நல்ல தாளை ஸ்கேன் செய்து பிரதி எடுத்து விற்றிருக்கிறார்கள் என்று புரிந்தது. பணம் போனதைவிட, உட்கார்ந்து உருட்டி அச்சிடும் கலைஞரின் பிழைப்பில் கைவைக்கிறார்களே என்பதுதான் என் கோபம். கலைஞரின் அனுமதியோடு பிரதி விற்பது குற்றமில்லை, பிரதி என்று சொல்லி விற்கட்டும். இன்னொரு தந்திரம், ‘ஹேண்ட்மேட் பேப்பர்’ என்று கொட்டை எழுத்தில் போடுவது. காகிதம் புதுச்சேரியிலோ ராஜஸ்தானின் சாங்கானேரிலோ கையால் செய்ததாகவே இருக்கலாம், அதன் மேல் இருக்கும் படம் மெஷினில் ஓடியதாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2020 மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. அதனால் பாக்கெட் பிரித்த கதை இங்கே செல்லாது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

கேள்வி: ஜெல் தட்டு விலை அதிகமாக இருக்கிறது. வீட்டில் செய்தால் வருமா? (கோவை)

பதில்: வரும். ஜெலட்டின் தூளைத் தண்ணீரில் ஊறவைத்து, கிளிசரின் சேர்த்து, கொதிக்க விடாமல் உருக்கி தட்டையான தட்டில் ஊற்றுங்கள். நுரையைக் காகிதத் துண்டால் வழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அச்சில் ஓட்டை ஓட்டையாக விழும். கீறல் விழுந்தால் உருக்கி மறுபடி ஊற்றலாம். ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது, வேண்டாம் என்பவர்கள் மினரல் ஆயில் கலந்த செயற்கைத் தட்டையே வாங்குங்கள்.

கேள்வி: ரீல்ஸில் பார்த்து லினோ (செதுக்கி அச்செடுக்கும் மென்மையான தகடு) செதுக்கும் கத்தி செட், ரோலர், மை எல்லாம் 3,200 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். பில் வாங்கவில்லை, கடைப் பெயரும் ஞாபகமில்லை. கத்தி முனை மழுங்கிவிட்டது. என்ன செய்வது? (மதுரை)

பதில்: யார் மேல் புகார் கொடுப்பது? யுபிஐ செயலியில் பணம் யாருக்குப் போனது என்று முதலில் தேடுங்கள். கத்தியைத் தீட்டிக்கொள்ளலாம். ஒரு லினோ துண்டுகூட வெட்டிப் பார்க்காமல் முழு செட்டையும் வாங்க என்ன அவசரம்?

கேள்வி: அச்சிட்ட தாள்களை அடுக்கி வைத்தேன், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிழிகிறது. தாள் கொடுத்த கடையில் பணம் கேட்கலாமா? (சேலம்)

பதில்: கேட்க முடியாது. அக்ரிலிக் காய்ந்தாலும் வெயில் காலத்தில் ஒட்டும். நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள்.

கேள்வி: எண்ணெய் மையில் அச்சிட்டதை மறுநாளே வெட்டி ஒட்டலாமா? (தஞ்சாவூர்)

பதில்: கூடாது. விரலில் மை ஒட்டாத வரை காத்திருங்கள், பல நாள் ஆகும்.