உப்புக்காற்றில் காபன் டிக்கி மூடி

திருகோணமலையில் இருபது வருசமாக பைபர் வள்ளங்கள் ஒட்டித் திருத்துகிறேன். சில வருசமாக காரின் பொடி (வெளிக்கூடு) வேலையும் கைக்கு வருகிறது. டிக்கி மூடி நசுங்கி, காபன் பைபரில் மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

உவர்மலையிலிருந்து ஒரு ஐயா: பின்னால் வந்த பஸ் இடித்து மூடி மடங்கிவிட்டது. மகன் காபன் போடச் சொல்கிறான். போடலாமா தம்பி?

ஐயா, மூடியை விடுங்கோ, அது உட்காரும் இடத்தை முதலில் பாருங்கோ. பஸ் இடித்ததென்றால் பின் பனலும் உள்ளே போயிருக்கும். டிக்கி வாயில் மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் எடுங்கோ. வித்தியாசம் இருந்தால் பொடியை இழுத்து நேராக்கும் வரை எந்த மூடியும் வாங்காதேயுங்கோ. இரும்பு மூடியை டிங்கர் பாஸ் தட்டி, நெளித்து இடைவெளியைச் சரிக்கட்டிவிடுவார். காபன் நெளியாது, வெடிக்கும். கோயிலுக்கும் கடைக்கும் ஓடுகிற கார் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் அதே மொடலின் பழைய மூடியைத் தேடுவதுதான் புத்தி. அதே நிறத்தில் கிடைத்தால் பெயின்ட் செலவும் மிச்சம்.

சாம்பல்தீவிலிருந்து: பாரம் குறைந்தால் பெற்றோல் மிஞ்சுமா அண்ணை?

மிஞ்சாது. கன சென்ரிமீற்றருக்கு இரும்பு 7.8 கிராம், காபன் பைபர் ஏறக்குறைய 1.6 கிராம். ஆனால் காபன் மூடிக்குத் தடிப்பு கூட வேணும். லோக், லைட், வயர் எல்லாம் பழையதுதான். அதனால் மொத்தப் பாரம் பாதியாகக் குறைந்தாலே நல்ல மூடி. 2022 இல் வந்த பீஎம்டபிள்யூ எம்4 சிஎஸ்எல் காரில் பொனற்றும் டிக்கி மூடியும் காபன்தான். அதில் 100 கிலோ குறைக்க சீற், சைலன்சர் வரை எல்லாவற்றிலும் கைவைத்தார்கள். மூடி மட்டும் மாற்றினால் ஓட்டும்போது தெரியாது.

கிண்ணியாவிலிருந்து: மலிவாக ஒன்று வருகிறது. அசல் காபனா என்று எப்படிப் பார்ப்பது?

மலிவானவற்றில் பல, மேலே ஒரு படை காபன் துணி, அடியில் முழுக்கக் கண்ணாடி பைபர். நான் வள்ளம் ஒட்டுவதும் கண்ணாடி பைபரில்தான், அதைக் குறை சொல்லமாட்டேன். காபன் விலை மட்டும் கொடுக்காதேயுங்கோ. உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கோ. ஒரு நாணயத்தால் எல்லா இடமும் தட்டுங்கோ: கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால் அங்கே படைகள் ஒட்டவில்லை.

அதைவிட முக்கியம் படைகளை ஒட்டும் பிசின். கச்சான் காலத்து வெயிலில் நிறுத்தின கறுப்பு மூடி 70 பாகையும் தாண்டிச் சூடேறும். சூடேற்றாமல் சும்மா காயவிட்ட எபொக்சிப் பிசின் அந்தச் சூட்டில் இளகும். நெசவு மேலே புடைத்துத் தெரியும், ஓரம் வளையும். எத்தனை பாகைச் சூட்டில் இறுக்கினது என்று விற்பவரிடம் கேளுங்கோ. பதில் வராவிட்டால் வாங்காதேயுங்கோ தம்பி. மேலே பூசின கிளியர் கோட் புற ஊதாக்கதிரைத் தடுப்பதா என்றும் கேளுங்கோ, இல்லாவிட்டால் மஞ்சளாகிவிடும்.

உப்புவெளியிலிருந்து: வீடு கடற்கரையில். காபன் என்றால் கறள் தொல்லை இல்லைதானே?

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காபன் கறள் பிடிக்காது, தன்னைத் தொடும் உலோகத்தை அரிக்கவைக்கும். அது மின்னைக் கடத்தும். நடுவில் உப்பீரம் வந்தால் பற்றரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தையும் நாகமுலாம் போல்ட்டையும் தின்னும். நிலாவெளியிலிருந்து வந்த ஒரு காரைக் கழற்றினேன். இரண்டு மாரிதான் கண்டிருந்தது. பிணைச்சலின் அலுமினியத் தகடு வெள்ளைத் தூளாகி விரலோடு வந்தது. மூடியோ புத்தம் புதிதாகப் பளபளத்தது. எனக்கு நெஞ்சு பகீரென்றது, ஓடும்போது கழன்றிருந்தால் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரரின் கதி என்ன?

ஆகவே உலோகம் படும் இடமெல்லாம் ஒரு படை கண்ணாடி பைபர் ஒட்டுங்கோ. 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட், நைலோன் வொஷர், ஓட்டைக்குள் சீலன்ட். கிழமைக்கு ஒருக்கால் நல்ல தண்ணியில் பிணைச்சலைக் கழுவுங்கோ.

தம்பலகாமத்திலிருந்து: மாட்டிவிட்டோம். திறந்தால் மூடி துள்ளி எழும்புகிறது, நம்பர் பிளேட் லைட்டும் எரியவில்லை.

மூடியைத் தூக்கும் காஸ் ஸ்ட்ரட் பழைய பாரத்துக்கு அளவானது, வலு குறைந்ததாக மாற்றுங்கோ. தூக்குவது முறுக்குக் கம்பி என்றால் நீங்கள் தொடவேண்டாம், கையை உடைக்கும்; கராஜில் கொடுங்கோ. சில காரில் லைட்டின் எர்த் (மின் திரும்பும் வழி) இரும்பு மூடி வழியாகத்தான் போகும். பொடியிலிருந்து தனி எர்த் வயர் இழுத்தால் எரியும்.

சீனக்குடாவிலிருந்து: ஸ்பொய்லருக்கு நானே ஓட்டை போடலாமா?

போடலாம். முகமூடி கட்டி, ஈரமாக்கித் துளையுங்கோ. அந்தத் தூள் நெஞ்சுக்கும் கூடாது, சுவிட்சுக்குள் போனால் ஷோர்ட்டும் ஆகும். துளையின் ஓரத்தை எபொக்சியால் மூடுங்கோ.

பாலையூற்றிலிருந்து ஒரு அக்கா: இன்சூரன்ஸுக்குச் சொல்லவேணுமா?

மாட்டுவதற்கு முன்பே எழுத்தில் அறிவியுங்கோ அக்கா. அவர்கள் வந்து பார்க்கும் வரை நசுங்கின மூடியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதேயுங்கோ.