கேளுங்க, சொல்றேன்: கச்சான் காற்று முதல் கருப்பட்டி வரை

கேள்வி: கல்யாணமாகி வந்து எனக்கு இதுதான் முதல் ஆனி மாசம். எத்தனை தடவை பெருக்கினாலும் வீட்டுக்குள் செம்மண். கேட்டால், "கச்சான்னா அப்படித்தான்" என்கிறார் அத்தை. இது எப்போது ஓயும்?
- வாசகி, திசையன்விளை

பதில்: ஆவணி வரை பொறுத்துக்கோங்க. கச்சான் என்றால் மேல்காற்று. மழையை எல்லாம் கேரளாவில் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்து, வெறுங்கையோடு நம் பக்கம் வரும். குற்றாலத்துக்காரர்களுக்குச் சாரல், முப்பந்தலில் காற்றாலை வைத்தவர்களுக்குக் காசு, நமக்கு மட்டும் தேரிக்காட்டுச் செம்மணல்! மேற்கு ஜன்னலைத் திறக்காதீங்க, துணி காயப்போடும் கொடியை வீட்டுக்குக் கிழக்கே கட்டுங்க. கிளிப் போடாத துண்டு பக்கத்து வீட்டு முருங்கையில்தான் கிடக்கும், அங்கே போய்த் தேடுங்க.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கலாம் என்று உவரிக்குப் போனோம். வள்ளமெல்லாம் கரையில் கிடக்கிறது, மீன் இல்லை. ஏன்?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போவார்கள், கடலுக்குப் போகமாட்டார்கள். 1542-ல் சவேரியார் வந்து இறங்குவதற்குச் சில வருஷம் முன்பே ஞானஸ்நானம் பெற்ற கடற்கரை இது. சனிக்கிழமை காலையில் போங்க. அப்புறம், அங்கே போய் மத்தி என்று கேட்காதீங்க, சாளை என்று கேளுங்க.

கேள்வி: பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது எதற்கு? கருப்பட்டி வாங்கும்போது கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், வள்ளியூர்

பதில்: சுண்ணாம்பு இல்லாவிட்டால் பாளையிலிருந்து சொட்டுவது கலயத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். அவ்வளவுதான் ரகசியம். ஆனால் மரத்தில் ஏறுகிறவரைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக் கீழே விடிலிக்குள் (பதநீர் காய்ச்சும் ஓலைக்குடிசை) வேகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. காலையில் இறக்கிய பதநீரை வடிகட்டி அடுப்பில் ஏற்றினால், அந்த வீட்டு அக்கா மணிக்கணக்கில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர முடியாது. நுரை பொங்கி வழியப் பார்க்கும்போது தட்டிவைத்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போடுவார், சட்டென்று அடங்கிவிடும். பாகு கூப்பனிப் பதத்துக்கு (தேன்போலக் குழம்பாக) வந்து, அதையும் தாண்டி இறுகியதும் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். கரையாமல் உருண்டு நின்றால் உடனே சிரட்டையில் ஊற்ற வேண்டும், கொஞ்சம் அசந்தால் அடிபிடித்துவிடும். இத்தனையும் ஓலைக்கூரைக்குக் கீழே, வெளியே சித்திரை வெயில்.

கலப்படத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு பஸ் ஸ்டாண்டு கடையில் "அசல் உடன்குடி" என்று இரண்டு கிலோ வாங்கி வந்து உடைத்தால் உள்ளே சீனி மினுமினுக்கிறது. நானே ஏமாந்தவன்தான். அதற்குப் பிறகு கடையிலேயே ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லி, ஒரு துணுக்கு வாயில் போட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை. நல்ல கருப்பட்டியில் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு உவர்ப்பு வரும், வெறும் இனிப்பாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோஷம்தான். அதற்காக அட்டைப்பெட்டியில் பெயர் அச்சடித்தவர் எல்லாம் உடன்குடிக்காரர் ஆகிவிட முடியுமா? (உடன்குடி இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை நம்ம திருநெல்வேலி மாவட்டம்தான் என்பதால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.)

கேள்வி: உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலில் ஓலைப்பெட்டியில் மண் சுமப்பது எதற்கு?
- வாசகி, நாங்குநேரி

பதில்: நேர்ச்சை. கடல் மணலைப் பெட்டியில் அள்ளித் தலையில் வைத்துக் கொண்டுவந்து கோயில் பக்கம் கொட்டுவார்கள். வைகாசி விசாகத்துக்குப் போனால் நேரிலேயே பார்க்கலாம்.

கேள்வி: சென்னையிலிருந்து பிள்ளைகளோடு வருகிறோம். பதநீர் குடிக்க எந்த மாதம் நல்லது?
- வாசகர், தாம்பரம்

பதில்: சித்திரை, வைகாசி. காலையில் வெயில் ஏறுவதற்குள் பனங்காட்டுக்கே போய்விடுங்க. பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து அதில் ஊற்றித் தருவார்கள், இரண்டு நுங்கையும் அதிலேயே போட்டுத் தரச் சொல்லுங்க. பட்டையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், பிள்ளைகள் சட்டையெல்லாம் நனைத்துக்கொள்வார்கள், பரவாயில்லை. டம்ளர் மட்டும் கேட்டுவிடாதீங்க.